அஞ்சல்பெட்டிக்கு வந்த பத்து டாலர்

2022 நவம்பர் முதல் வாரத்தில், வேலை முடிந்து வந்த களைப்பில், அஞ்சல்பெட்டியிலிருந்து எடுத்த ஓர் அட்டையைப் படிக்காமலேயே நீலத் தொட்டியில் போட்டேன். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை அளவுக்குத் தடிமனான, வழவழப்பான அட்டை. பள்ளிக் கல்வி வாரியத் தேர்தலில் நிற்கும் ஒருவரின் முகம், பக்கத்தில் சிரிக்கும் குழந்தைகள், பெரிய எழுத்தில் ஒரு வாசகம். அந்த மாதத்தில் அதுபோல ஒரு கட்டு வந்துவிட்டது. அதற்கு முன்னால் வந்தவற்றை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். இது மட்டும் குப்பைக்குப் போயிற்று. அந்த ஓர் அட்டைதான் இன்றைக்கும் என்னை விட்டபாடில்லை. எழுதித் தீர்த்துவிடலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இது மூன்றாவது முறை.

நான் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றுக்குக் கிழக்கே, பாயில் ஹைட்ஸ் பகுதியில். மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலை. மகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். லாஸ் ஏஞ்சலஸ் கல்வி மாவட்டத்தில் 2022-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். நியூயார்க்கை விட்டால் அமெரிக்காவில் இதுதான் பெரியது. அதை ஆளும் வாரியத்தில் ஏழே உறுப்பினர்கள், ஏழு பேரையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்களுடையது இரண்டாம் தொகுதி. குடியுரிமை பெற்று நான் வாக்களித்த முதல் ஆண்டு 2022. ஜூன் மாத முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழவில்லை. நவம்பர் 8-க்கு இருவர் மிஞ்சினார்கள்: மரியா ப்ரெனெஸ், ரோசியோ ரிவாஸ்.

வாக்குச்சீட்டில் மூன்று சொற்கள்

கலிஃபோர்னியாவில் கல்வி வாரியத் தேர்தல் கட்சி சார்பற்றது. வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது, கட்சிப் பெயர் கிடையாது. வேட்பாளர் பெயருக்குக் கீழே அவருடைய தொழிலைக் குறிக்க அதிகபட்சம் மூன்று சொற்கள். அவ்வளவுதான். இரட்டை இலை, உதயசூரியன் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வெறுமை திகைப்பாக இருந்தது. ஆளைத் தெரியாது, கட்சி தெரியாது. அப்படியானால் எதை வைத்து ஒரு வட்டத்தை நிரப்புவது? யார் யாரை ஆதரிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இங்கே வழக்கம். அதனால்தான் தொழிற்சங்க ஆதரவு என்ற ஒன்றுக்கு இந்தச் சின்னத் தேர்தலில் அத்தனை எடை.

எனக்கு அந்த எடை வீட்டிலிருந்தே வந்தது. அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டபோது அம்மாவும் அதில் ஒருவர். திரும்ப வேலைக்குப் போகும்வரை எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள், அரிசிக்கு வழி செய்தவர்கள், நீதிமன்றச் செய்தியை முதலில் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் சங்கத்து ஆட்கள். சங்கம் ஒருவரைக் கைகாட்டினால் அவர் நம் ஆள் என்பது எனக்கு யோசித்து வந்த முடிவல்ல, ரத்தத்தோடு வந்தது. இங்கே வந்தும் அதைத்தான் தேடினேன்.

தேடும்போது முதலில் கையில் சிக்கியது வேறொன்று. 'வாக்காளர் வழிகாட்டி' என்ற தலைப்பில் வரிசையாகப் பெயர்கள் அச்சிட்ட தாள்கள் தேர்தல்தோறும் இங்கே வீட்டுக்கு வரும். பார்த்தால் ஏதோ பொறுப்பான அமைப்பு ஆராய்ந்து சொன்னதுபோல இருக்கும். சில பெயர்களின் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில் அதற்கு விளக்கம்: நட்சத்திரம் இட்டவர்கள் இந்தத் தாளில் இடம்பெறப் பணம் கொடுத்திருக்கிறார்கள். மாநிலச் சட்டம் அந்தக் குறியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டாயமாக்கியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து எந்தத் தாளையும் அடிவரியிலிருந்து மேலே படிக்கப் பழகிக்கொண்டேன்.

படியில் நின்ற ஆசிரியை

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை கதவு தட்டும் சத்தம். திறந்தால், என் மகளுக்கு முந்தைய ஆண்டு பாடம் எடுத்த ஆசிரியை. யூடிஎல்ஏ என்ற ஆசிரியர் சங்கத்தின் சிவப்பு டீ-ஷர்ட், கையில் முகவரிப் பட்டியல், வெயிலில் முகம் கன்றியிருந்தது. பள்ளி நேரத்தில், பள்ளி வளாகத்தில் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, அதனால்தான் விடுமுறை நாளில் வந்தேன் என்றார். தண்ணீர் கொடுத்தேன். படியில் உட்கார்ந்துகொண்டே ரிவாஸைப் பற்றிச் சொன்னார். வாரிய உறுப்பினர் ஜாக்கி கோல்ட்பெர்க்கின் அலுவலகத்தில் கல்விக் கொள்கை பார்த்தவர், பொதுப்பள்ளியைத் தனியாரிடம் விட்டுவிட மாட்டார் என்றார். என் மகள் படித்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டியது எனக்கு எல்லா வாசகங்களையும்விடப் பெரிதாகப் பட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் போன என் பெண்ணை ஒவ்வொரு மதியமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்க வைத்தவர் அவர். இவர் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அடுத்த வாரமே, அஞ்சலில் வீட்டுக்கு வந்திருந்த வாக்குச்சீட்டை நிரப்பி, நூலக வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டேன். அம்மாவை அழைத்து, 'முதல் ஓட்டு, சங்கத்து ஆளுக்குத்தான்' என்று சொன்னேன். அம்மாவுக்கு அப்படியொரு பெருமை.

அதற்குப் பிறகுதான் ஒரே நாளில் இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்றின் அடிவரியில் ஆசிரியர் சங்கம், ரிவாஸுக்கு ஆதரவாக. மற்றதன் அடிவரியில் எஸ்இஐயு லோக்கல் 99, ப்ரெனெஸுக்கு ஆதரவாக. இதே பள்ளிகளில் வகுப்பறைக்கு வெளியே இருப்பவர்களின் சங்கம் அது: உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பேருந்து ஓட்டுநர்கள், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் உதவியாளர்கள். ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். இரண்டு அட்டைகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் உழைக்கும் குடும்பங்கள், இரண்டிலும் நம் பிள்ளைகள். ஒரே பள்ளியில் ஒரே மணி அடித்தால் வேலை தொடங்குகிறவர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். சங்கத்து ஆள் என்று அம்மாவிடம் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அன்று இரவு எனக்குத் தெரியவில்லை.

பணத்தின் கணக்கு

தூக்கம் வராத அந்த வாரத்தில் நகர அறநெறி ஆணையத்தின் இணையதளத்தில் நிறைய நேரம் செலவழித்தேன். வாரியத் தேர்தலில் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற கணக்கு அங்கே பொதுவில் இருக்கிறது. வேட்பாளரின் கையில் நேராகக் கொடுக்கும் நன்கொடைக்கு இங்கே உச்சவரம்பு உண்டு. ஒருவர் ஆயிரம் டாலர் சொச்சத்துக்கு மேல் கொடுக்க முடியாது. ஆனால் வேட்பாளரோடு கலந்து பேசாமல், தனியாக ஒரு குழு அமைத்து, அவரைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ செலவழித்தால் வரம்பே கிடையாது. அப்படிச் செலவழிப்பது பேச்சுரிமையின் பகுதி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இலேயே சொல்லிவிட்டது. முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது. பெரிய பணமெல்லாம் கொல்லைப்புறமாகத்தான் வருகிறது.

எவ்வளவு பெரிய பணம்? 2013-இல் அப்போதைய நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் லாஸ் ஏஞ்சலஸ் வாரியத் தேர்தலுக்காகப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். 2017 தேர்தலில் மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். அதுவரை அமெரிக்காவில் நடந்த கல்வி வாரியத் தேர்தல்களிலேயே அதிகம். ஒரு பக்கம் யூடிஎல்ஏ, மறுபக்கம் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் ஆதரவாளர்கள். நெட்ஃப்ளிக்ஸ் இணை நிறுவனர் ரீட் ஹேஸ்டிங்ஸ் சார்ட்டர் பள்ளிச் சங்கத்தின் அரசியல் பிரிவுக்கு அந்தக் காலகட்டத்தில் பல பத்து லட்சங்களைக் கொடுத்திருந்தார். வாரியத் தலைவராக இருந்த, சங்கம் ஆதரித்த ஸ்டீவ் ஸிம்மர் தோற்றார், சார்ட்டர் பக்கம் ஆதரித்த நிக் மெல்வாய்ன் வென்றார். பணம் எப்போதும் வெல்வதும் இல்லை. 2013-இல் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டே தேர்தலில் நின்ற மோனிகா ராட்லிஃப், எதிரே பெரும்பணம் குவிந்திருந்தும் ஜெயித்தார். ஆனால் அது விதிவிலக்கு என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் எளிதாக ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: இரண்டு பக்கமும் பணம், இரண்டும் ஒன்றுதான். என் அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் இதைத்தான் சொன்னார்கள். சங்கத்தின் மேல் அவர்கள் வைத்த குற்றச்சாட்டைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. ஊதிய ஒப்பந்தம் பேச வரும்போது மேசைக்கு அந்தப் பக்கம் வாரியம், இந்தப் பக்கம் சங்கம். அந்தப் பக்கம் உட்காரப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க இந்தப் பக்கம் பணம் செலவழித்தால், மேசையில் பெற்றோருக்காகப் பேசுவது யார்? நியாயமான கேள்வி. சார்ட்டர் பள்ளிக்காரர்களுக்கும் இதே கேள்வி உண்டு, ஏனென்றால் அவர்களுக்கு அனுமதி தருவதும் இதே ஏழு பேர்தான். ப்ரெனெஸின் கணவர் மேக்ஸ் அரியாஸ் லோக்கல் 99-இன் நிர்வாக இயக்குநர் என்பதை அந்தத் தேர்தலில் செய்தித்தாள்கள் எழுதின. ப்ரெனெஸ் இந்தப் பகுதியிலேயே பல்லாண்டுகள் கல்விக்காக மக்களைத் திரட்டியவர் என்பதையும் எழுதின. படிக்கப் படிக்க எனக்கு அலுப்புத் தட்டியது. எல்லாம் பணம்தான், போகட்டும் என்று தோன்றிவிட்டது. நவம்பர் முதல் வாரத்து அட்டையை அந்த அலுப்போடுதான் தொட்டியில் போட்டேன்.

துணி காயும் நேரத்தில்

நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை மாலை, காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குப் போயிருந்தேன். அங்கே அந்த அம்மாவைப் பார்த்தேன். என் மகளின் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் மகள் இறைச்சி சாப்பிட மாட்டாள் என்பதை முதல் வாரத்திலேயே கவனித்து, அவளுக்கென்று சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு பழம் எடுத்து வைப்பவர். என்னை 'மீஹா' என்றுதான் கூப்பிடுவார். ஸ்பானிஷில் 'என் மகளே' என்று பொருள். என் ஸ்பானிஷும் அவருடைய ஆங்கிலமும் அரைகுறை; ஆனாலும் எங்களுக்குள் பேச்சு ஒருநாளும் தடைப்பட்டதில்லை.

உலர்த்தும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. போர்வையின் ஒரு மூலையை என்னிடம் கொடுத்து மடிக்கச் சொல்லிக்கொண்டே, 'எங்கள் அட்டை வந்ததா?' என்று கேட்டார்.

எந்த அட்டை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது: அந்த வாரம் தொட்டியில் போட்ட லோக்கல் 99 அட்டை. 'வந்தது' என்றேன்.

'படித்தாயா?'

'படித்தேன்.'

அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'எவ்வளவு அழகாக அச்சடித்திருக்கிறார்கள், பார்த்தாயா? அது எங்கள் பணம், மீஹா' என்றார். நம்புவேனோ மாட்டேனோ என்று கைப்பேசியை எடுத்துச் சம்பளச் சீட்டைத் திறந்து, பெருவிரலால் பெரிதாக்கிக் காட்டினார். மேலே அவருடைய சம்பளம். நாளுக்கு மூன்று மணி நேர வேலைக்கு என்ன வருமோ அது. கீழே பிடித்தங்கள்: வரி, ஓய்வூதியம், சங்கச் சந்தா. அதற்கும் கீழே தனியாக ஒரு வரி, அரசியல் நிதிக்கு என்று, பத்து டாலர். 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதற்குப் பிறகு அரசுப் பணியில் இருப்பவர் யாரும் சங்கத்துக்குக் கட்டாயமாக ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, விரும்பிக் கொடுக்கிறார். காலையில் மூன்று மணி நேரம் பள்ளியில் பரிமாறிவிட்டு, மாலையில் நகர மையத்தில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் இன்னொரு வேலைக்குப் போகிறவர், மாதம் பத்து டாலர் கொடுக்கிறார். அதில் ஒரு துளிதான் என் வீட்டுக்கு வந்து நீலத் தொட்டிக்குப் போயிருக்கிறது.

'ஆசிரியர்கள் நல்லவர்கள். அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். எங்கள் மூன்று மணி நேரத்தை நான்காக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டார். நான் ஏற்கெனவே வாக்களித்துவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. யாருக்கு என்பதையும் சொல்லவில்லை. போர்வையின் இரண்டு மூலைகளும் சேரும்போது அவர் கை என் கைமேல் பட்டது. கிருமிநாசினியில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன.

எல்லாப் பணமும் ஒன்றுதான் என்று இனி யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோடிகளில் புரளும் ஒருவர் பத்து லட்சத்தைக் கொடுத்தால் அன்று இரவு அவர் தட்டில் ஒரு கவளமும் குறையாது. இவர் பத்து டாலர் கொடுத்தால் அது ஒரு நாள் பால், ஒரு வேளை காய்கறி. அந்தப் பணத்துக்கு முகம் இருக்கிறது, கை இருக்கிறது. ஆனால் எனக்கு உறைத்தது அதோடு நிற்கவில்லை. அந்தப் பணம் இவ்வளவு கனமானது என்றால், அதைச் செலவழிக்கிறவர்களுக்கு எத்தனை கூச்சம் இருக்க வேண்டும்! இழுப்பறையில் கிடந்த அட்டைகளை அன்று இரவு எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். அடிவரியை மறைத்துவிட்டால் பணக்காரர் குழுவின் அட்டை எது, சங்கத்தின் அட்டை எது என்று சொல்ல முடியாது. அதே வழவழப்பு, அதே விளம்பர நிறுவனத்துச் சிரிப்பு. அந்த அம்மாவின் மூன்று மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி அவற்றில் இல்லை. அந்த ஆசிரியை விரல்விட்டு எண்ணிக் காட்டிய வகுப்பும் இல்லை. ஆசிரியை என் வாக்கைப் பெற்றது அட்டையால் அல்ல, படியில் உட்கார்ந்து பேசிய பத்து நிமிடத்தால். அந்த அம்மா அக்டோபரிலேயே என்னோடு போர்வை மடித்திருந்தால் என் வாக்கு எங்கே போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. இந்தப் பெண்களைவிட நம்பத் தகுந்த குரல் சங்கங்களிடம் வேறென்ன இருக்கிறது? அந்தக் குரலை விட்டுவிட்டு எதிராளியின் ஆயுதத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அதுவும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ள.

மழையில்

ரிவாஸ் சிறிய வித்தியாசத்தில் வென்றார். நான்கே மாதம் கழித்து, 2023 மார்ச் 21 அன்று, லோக்கல் 99 மூன்று நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. தங்கள் உறுப்பினர்களின் சராசரி ஆண்டு ஊதியம் 25,000 டாலர்தான் என்றார்கள். 30 விழுக்காடு உயர்வு கேட்டார்கள். யூடிஎல்ஏ அவர்களுக்குத் துணையாக வேலைக்குப் போகாமல் இறங்கியது. அன்றைக்கு நல்ல மழை. லாஸ் ஏஞ்சலஸுக்கு அப்படிப்பட்ட மழை வழக்கமில்லை. மகளையும் அழைத்துக்கொண்டு, குடுவையில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனேன். மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டுகளுக்குள் ஊதாச் சட்டைகளும் சிவப்புச் சட்டைகளும் கலந்து நின்றன. படியில் உட்கார்ந்து பேசிய அந்த ஆசிரியையும் இந்த அம்மாவும் ஒரே பதாகையின் இரண்டு கம்புகளைப் பிடித்திருந்தார்கள். நவம்பரில் எதிரெதிர் ஆளுக்காக உழைத்தவர்கள். அதைப் பற்றி அங்கே யாருக்கும் நினைவிருந்ததாகவே தெரியவில்லை.

மேயர் கேரன் பாஸ் நடுவில் நின்று பேச, அந்த வாரமே உடன்பாடு வந்தது. கேட்ட 30 விழுக்காட்டுக்கு வாரியம் இறங்கி வந்தது. நாளுக்கு நான்கு மணி நேரமாவது வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடும் அதில் இருந்தது. என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, 2003-இல் தன்னோடு மறியலில் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். குறுக்கிடாமல் கேட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மழையில் நடந்த இன்னொன்று. காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, இனியும் மறைக்க முடியாது என்று அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அன்றைக்குப் பொய் சொன்னேன், உங்கள் அட்டையை நான் படிக்கவே இல்லை, தூக்கி எறிந்துவிட்டேன், வாக்கையும் மற்றவருக்குத்தான் போட்டேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'வேறு யாராவது படித்திருப்பார்கள்' என்றார்.

'எத்தனை அட்டை அடிப்பது, அதில் என்ன எழுதுவது என்றெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? உங்களைக் கேட்டார்களா?' என்றேன்.

'கூட்டம் போடுவார்கள். போனால் பேசலாம்.'

'அடுத்த முறை போய்ச் சொல்லுங்கள். உங்கள் மூன்று மணி நேரத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அட்டை வேண்டாம், வீட்டுக்கு வந்து பேசுகிறோம் என்று சொல்லுங்கள்' என்று படபடவென்று அடுக்கினேன். அவர் என் மகளின் தலையில் நழுவியிருந்த மழைத்தொப்பியைச் சரிசெய்து கட்டிவிட்டார்.

'கூட்டம் மாலையில் நடக்கும், மீஹா. அந்த நேரத்தில் நான் ஏழாவது மாடியில் குப்பைத்தொட்டி காலி செய்துகொண்டிருப்பேன்' என்றார்.